ஹோஃப்ஸ்டெட் ஊர் ஊராகச் சுற்றிய மானுடவியலாளரா?

"நெதர்லாந்து மானுடவியல் பேராசிரியர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் நாடு நாடாகப் போய், மக்களோடு தங்கி, 'இந்தியர்கள் அதிகாரத்துக்கு அடங்குபவர்கள்' என்று 77 மதிப்பெண் போட்டார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. 77 என்ற எண் மட்டும் சரி; ஒரு நாட்டில் அதிகார ஏற்றத்தாழ்வை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் வைத்த அளவு அது. கதை தவறு.

ஹோஃப்ஸ்டெட் படித்தது இயந்திரப் பொறியியல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில். தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு, 1965-ல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவில் சேர்ந்தார். பணியாளர் ஆய்வுத் துறையை அங்கே தொடங்கியவர் அவர்தான். ஊழியர் மனநிலையை அறிய அந்த நிறுவனம் பல நாட்டுக் கிளைகளில் நிரப்பச் சொன்ன படிவங்கள்தான் அவருடைய மூலப்பொருள். 1,16,000-க்கும் மேல்! ஆக, பதில் சொன்னவர்கள் பொதுமக்கள் அல்ல, ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர்கள். இதைத்தான் பகிர்பவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அந்த 77-க்குப் பின்னால் இருந்த கேள்விகளில் ஒன்று இது: மேலாளரோடு கருத்து வேறுபட்டால், அதை வெளியே சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள்? சரி, இதைக் கேட்டு ஒரு நாட்டின் குணத்தையே எழுதிவிடலாமா? எண்கள் நாடுகளை ஒப்பிடத்தான், தனி மனிதரை எடைபோட அல்ல என்று அவரே எச்சரித்தார்.

அப்புறம், பேராசிரியர் வேலை பின்னால் வந்தது. 1971-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். வேறு நிறுவன மேலாளர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். நாடுகளுக்கிடையே ஏறக்குறைய அதே வேறுபாடுகள் தெரிந்தன. முடிவுகள் நூலாக வந்தது 1980-ல். அதில் இடம்பெற்றவை 40 நாடுகள்.