ஆன்டிஅலையாசிங்கை அணைத்தால் லினக்ஸ் பறக்குமா?

"லினக்ஸ் டெஸ்க்டாப் திணறுகிறதா? எழுத்துரு அமைப்பில் ஆன்டிஅலையாசிங்கை அணைத்துவிடுங்கள், பறக்கும்" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பறக்காது. ஆன்டிஅலையாசிங் என்பது ஓரங்களை வழவழப்பாகக் காட்டும் வேலை; அதை அணைத்தால் எழுத்துகள்தான் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி பல்லிளிக்கும்.

இரண்டு வேறு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்பியதால் வந்த வினை இது. எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்குவது ஃப்ரீடைப் என்ற எழுத்துரு மென்பொருள். அது பிராசசரில் நடக்கிற வேலை, ஒரு எழுத்தை ஒருமுறை வரைந்து கேஷில் வைத்துக்கொண்டால் அப்புறம் அதையே எடுத்து ஒட்டுவதுதான், இன்றைய கணினிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கேமில் வரும் எம்எஸ்ஏஏ (MSAA) வேறு, அது ஒரு பிக்சலுக்குப் பல மாதிரிகள் எடுத்து உருவங்களின் ஓரத்தை வழவழப்பாக்கும் முறை. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4 மடங்கு வைத்தால் ஏறக்குறைய 83 லட்சம் மாதிரிகளின் நிறத்தையும் ஆழத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். ராமையே பங்குபோடும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதில் மூச்சுத்திணறும், அது நிஜம். அங்கே 2 மடங்குக்கு இறக்குங்கள், இல்லையென்றால் எஃப்எக்ஸ்ஏஏ (FXAA) என்ற இலகுவான முறையைப் போடுங்கள்.

சாளரத்தை இழுத்தாலே தடுக்குகிறது என்றால், டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓட்டி 'ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்' (OpenGL renderer) என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, மொத்தத்தையும் பிராசசரே வரைகிறது. என் பழைய மடிக்கணினியிலும் இதேதான்: லினக்ஸின் மையமான கர்னலைப் புதுப்பித்த பிறகு கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, நானோ ஒரு மாலை முழுக்க எழுத்துருவை நோண்டிக்கொண்டிருந்தேன். கணினி தொடங்கும்போது கர்னலுக்குப் போகும் பூட் வரியில், கிராபிக்ஸ் டிரைவரைத் தடுக்கும் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லை எப்போதோ சேர்த்து மறந்திருந்தாலும் இதே கதை. அதை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்து பாருங்கள்.