கன்றின் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள்
பழக்கன்றில் கட்டியிருக்கும் பெயர்ச்சீட்டில் ‘குட்டை ரகம்’ என்று போட்டிருந்தால் தொட்டியில் வளர்க்க வாங்கலாம் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது பாதிதான் சரி. ஒரு செடியின் வேர்ப்பகுதிமேல் (வேர்ச்செடி) வேறொரு செடியின் தண்டை (மேல்செடி) ஒட்டி வளர்ப்பதுதான் ஒட்டுக்கன்று. அதில் பெரும்பாலும் உயரத்தைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் வேர்ச்செடி. ஒரே ஆப்பிள் ரகம் எம்27 என்னும் வேர்ச்செடி வகையில் 2 மீட்டருக்குள் நிற்கும், எம்எம்111 என்னும் வகையில் அதைப்போல் இருமடங்கு போகும். அதனால் வேர்ச்செடி எது என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், இரண்டும் சேரும் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் மேல்செடியே வேர்விட்டு உயரத் தொடங்கிவிடும். என் தொட்டி எலுமிச்சையில் நடந்தது வேறு கூத்து. ஒட்டுக்குக் கீழிருந்து நீள முள்ளோடு ஒரு கிளை விறுவிறுவென வந்தது. செடி தேறிவிட்டது என்று பூரித்து உரமெல்லாம் வைத்தேன். இலைகள் எலுமிச்சைபோல் ஒற்றையாக இல்லாமல் மும்மூன்றாகப் பிரிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அது வேர்ச்செடியின் தளிர் என்று உறைத்தது. அதற்குள் எலுமிச்சைக் கிளை பாதி காய்ந்திருந்தது.