ஆணியை இழுக்கிற காந்தம் இல்லை அது

"வெளிச்சம் பட்டதும் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் காந்தமாகிவிடும்" என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது கொஞ்சம் ஓவர். படிகத்தில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கும், ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும். ஒளி பட்டு ஒன்று கிளம்பினால்தான் மிச்சமிருப்பது 1944இல் ரஷ்ய இயற்பியலாளர் சவோய்ஸ்கி கண்டுபிடித்த, ஜோடியில்லாத எலக்ட்ரானைக் காட்டும் ஈ.பி.ஆர். முறையில் சிக்னலாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

செங்கோட்டையிலிருந்து மலை தாண்டி கேரளத்துக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படித்தபோது, இந்தத் துகளைப் போட்டு திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிரவைத்த குழாய்க்குக் கறுப்புக் காகிதம் சுற்ற மறந்துவிட்டேன். ஜன்னல் வெயில் பட்டு, ஒன்றுமே வரக்கூடாத இடத்தில் சிக்னல் கோடு எகிறி நின்றது. திரையை இழுத்து மூடிய பிறகும் இறங்கவில்லை, குளிரில் எலக்ட்ரான் சீக்கிரம் வீடு திரும்பாதே. "எந்தா மோனே இது?" என்றார் சார். அன்றைக்கு மொத்த அளவீடும் மறுபடி முதலிலிருந்து.