உதயம் தியேட்டரை மூடியது ஓடிடி மட்டும்தானா?
சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டர் வளாகம் 2024இல் மூடப்பட்டதற்கு ஓடிடியும் மல்டிபிளக்ஸும்தான் காரணம் என்று, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அப்படியானால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காசி, வடபழனி கமலா தியேட்டர்கள் இரண்டும் எப்படி இன்னும் ஓடுகின்றன? அவற்றுக்கும் அதே ஓடிடிதானே. என் கணக்கில் நிலத்தின் விலைதான் பெரிய காரணம். 1983இல் உதயம் திறந்தபோது அசோக் பில்லர் பக்கம் இவ்வளவு நெரிசல் இல்லை. 2015இல் மெட்ரோவும் வந்தது. அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டினால் கிடைக்கும் பணத்தை எத்தனை காட்சி ஓட்டினாலும் எடுக்க முடியுமா? அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர், உதயத்தில் 'பராமரிப்பே இல்லை' என்று எழுதியிருக்கிறார். சரி, கடைசி வருடங்களில் இருக்கைகளின் நிலை எனக்கும் தெரியும். ஆனால் கே.கே. நகரிலிருந்து நடந்தே போய், உதயத்தில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அதே வளாகத்தில் இருந்த சந்திரன், அதுவும் இல்லையென்றால் சூரியன் என்று ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். என்ன படம் என்பதே உள்ளே போன பிறகுதான் தெரியும். அப்புறம் நான்காவது திரையாக மினி உதயமும் சேர்ந்தது. மல்டிபிளக்ஸ் என்ற சொல் நம் காதில் விழும் முன்பே எங்களுக்கு அது இருந்தது.