குருகு எதைப் பார்த்தது?

பல வருடங்களாக ஒரு பாட்டைத் தப்பாக நினைவில் வைத்திருந்திருக்கிறேன். குறுந்தொகை 25, கபிலர் பாடியது. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குமே, அதுதான். அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் கிடையாது, அவன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். அப்புறம், தினைத்தாள் மாதிரி மெலிந்த பசிய கால்களோடு ஒரு குருகும் அங்கே இருந்தது என்கிறாள். ஐந்து வரி, முடிந்தது.

என் நினைவில் அந்தக் குருகு அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. யாரிடம் இந்தப் பாட்டைச் சொன்னாலும், “ஒரே சாட்சி ஒரு பறவை, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றது” என்று முடிப்பேன். கேட்பவர்கள் கொஞ்சம் உருகுவார்கள். எனக்கும் திருப்தியாக இருக்கும். போன மாதம் வேறு எதற்கோ புத்தகத்தைப் பிரித்தபோது கண்ணில் பட்டது: ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு’. குருகு பார்க்கிறதுதான். ஆனால் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்க்கிறது. இவர்கள் பக்கம் அது திரும்பியதாக ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை.

இதை மறதி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மறதி என்றால் முழுசாகப் போயிருக்க வேண்டும். நான் ‘பார்க்கும்’ என்ற வினையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பார்க்கப்படும் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறேன். மீன் இருந்த இடத்தில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கனவு இப்படித்தான் வேலை செய்கிறது என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் சொன்னார்; இடப்பெயர்வு என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம். ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு எனக்கு ஒரு பதில் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. யாரும் பார்க்காமலே நடந்து முடிந்த ஒன்று என் பங்குக்கும் உண்டு என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இலக்கியத்தை உளப்பகுப்பாய்வு வழியாக வாசிப்பது பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இந்தக் குருகு இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன்.

அந்த வாசிப்பின் மேல் பலருக்கும் இருக்கும் எரிச்சல் எனக்கும் உண்டு. நீளமாக எது வந்தாலும் ஆண்குறி, குழிவாக எது வந்தாலும் கருப்பை, யாருக்கு யார்மேல் கோபம் வந்தாலும் அப்பா. இதே பாட்டில் குருகின் அலகை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் அலகே கிடையாது, கால்தான் இருக்கிறது. அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. முடிவு முன்கூட்டியே கையில் இருக்கும்போது பிரதி எதற்கு?

ஆனால் இந்த எரிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தூக்கிப் போட முடியவில்லை. காரணம் ஃபிராய்டின் தப்புகளே. அவர் சரியாகச் சொன்ன இடங்களைவிடச் சறுக்கிய இடங்கள் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 அக்டோபர் 15 அன்று நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், அம்மாமேல் ஆசையும் அப்பாமேல் பொறாமையும் தன்னிடமே இருந்ததைக் கண்டுகொண்டதாக ஃபிராய்ட் சொல்கிறார். சொன்ன கையோடு, தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த ஈடிபஸின் நாடகத்துக்கும் அங்கிருந்து ஹாம்லெட்டுக்கும் தாவுகிறார். இதுவே பிறகு கனவுகளின் விளக்கம் நூலில் ஓர் அடிக்குறிப்பாக வந்தது. நூல் 1899 நவம்பரில் வெளியானது, அட்டையில் ஆண்டு 1900. வாதம் எளிமையானது. ஹாம்லெட் எதையும் செய்யத் துணிந்தவன், சித்தப்பனைக் கொல்வதில் மட்டும் இழுத்தடிக்கிறான். அப்பாவைத் தொலைத்துவிட்டு அம்மா பக்கத்தில் அமர்ந்திருக்கும் அந்த ஆள், ஹாம்லெட் குழந்தையாக இருந்தபோது தானே ஆசைப்பட்டதைச் செய்து முடித்தவன். அவன்மேல் எப்படிக் கை ஓங்கும்?

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் இதற்கு முட்டுக்கொடுக்க ஃபிராய்ட் கொண்டுவந்த சான்று ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை. 1601இல் அவருடைய தந்தை இறந்தார், அந்தத் துக்கத்தின் சூட்டில் எழுதப்பட்டது இந்த நாடகம், ஆகவே உள்ளே இருப்பது அவருடைய சொந்த அப்பா விவகாரம் என்றார். பிற்காலத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்த அந்த மனிதர்தான் நாடகங்களை எழுதினார் என்பதிலேயே ஃபிராய்டுக்கு நம்பிக்கை போய்விட்டது. 1930இல் அதே இடத்தில் ஒரு குறிப்பாக அதைச் சேர்த்தும் விட்டார். எழுதியவர் வேறு ஆள் என்றால் 1601இல் இறந்தது யாருடைய அப்பா? முட்டுக்கொடுத்த கட்டையைப் பிடுங்கியாயிற்று, கூரை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அவர் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அலட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபிராய்டின் அப்பா இறந்தது 1896 அக்டோபரில். ஃப்ளீஸுக்கு அந்தக் கடிதம் போனது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அந்த நூல் தன் தந்தையின் மரணத்துக்கு எதிர்வினை, தன்னைத்தானே ஆராய்ந்ததன் ஒரு பகுதி என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். ஆக, அடிக்குறிப்பில் துக்கம் காக்கும் மகன் ஒருவன் நிஜமாகவே இருக்கிறான். அவன் வாசித்துக்கொண்டிருந்தவன். எழுதியவனைத் தேடிப் போனதால் அவன் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

இதன் பிறகு ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் 1910இல் ஒரு கட்டுரை, 1949இல் ஒரு புத்தகம் என்று ஹாம்லெட்டுக்கு ஒரு முழுக் குழந்தைப் பருவத்தையே கட்டிக்கொடுத்தார். நாடகத்தில் இல்லாத தொட்டிலை ஆட்டுகிற வேலை அது. குறுந்தொகைத் தலைவியை நினைத்துப் பாருங்கள். அவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, சின்ன வயசும் கிடையாது. அகப்பாட்டில் யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் கதவைச் சாத்திவிடுகிறது. கபிலரைச் சோபாவில் படுக்கவைக்கவும் வழியில்லை. நோயாளியே இல்லாத இடத்தில் வைத்தியருக்கு என்ன வேலை?

அடுத்து லியனார்டோ கதை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் ஒரு சிறுவயது நினைவை எழுதியிருக்கிறார்: தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் என் வாயைத் திறந்து உதட்டில் பலமுறை தட்டியது. 1910இல் ஃபிராய்ட் இதை வைத்து ஒரு சிறு நூலே எழுதினார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அந்தப் பறவை பிணந்தின்னிக் கழுகு. உடனே எகிப்துக்குப் போனார். அங்கே மூத் என்ற தாய்த் தெய்வத்துக்குக் கழுகுத் தலை. கழுகுகளில் ஆணே கிடையாது, காற்றினாலேயே கருத்தரிக்கும் என்று பழைய நம்பிக்கை வேறு. அப்பா அருகில் இல்லாமல் தாயோடு வளர்ந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்குமா?

லியனார்டோ எழுதியிருந்த இத்தாலியச் சொல் நிப்பியோ. அப்படியென்றால் பருந்து. மொழிபெயர்ப்பில் பறவை மாறிவிட்டது, எகிப்துப் பயணம் முழுக்க வீண். அதைவிட வேடிக்கை நடுவில் நடந்தது. 1913இல் ஆஸ்கர் பிஃபிஸ்டர் என்பவர் லியனார்டோவின் ஓர் ஓவியத்தில், மரியாளின் நீலத் துணி மடிப்புகளுக்குள் கழுகு உருவம் மறைந்திருப்பதாகக் கண்டுபிடித்தார். ஃபிராய்டும் 1919 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். இல்லாத கழுகு ஓவியத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது! 1956இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ இதையெல்லாம் நிதானமாகப் பிரித்து வைத்தார்.

இந்தக் கதையைக் கேட்டு நானும் நிறையச் சிரித்திருக்கிறேன். குருகு விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. அவராவது மொழிபெயர்ப்பாளரைக் கைகாட்டலாம்.

ஃபிராய்டுக்குப் பின் வந்த பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானை ஏன் விட்டுவிட்டாய் என்று சிலர் கேட்பீர்கள். 1955இல் எட்கர் ஆலன் போவின் திருடப்பட்ட கடிதம் கதையைப் பற்றி அவர் நடத்திய கருத்தரங்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கதை கடைசிவரை சொல்வதில்லை, ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொருவருக்கும் எது தெரியும், எது தெரியாது என்பது தீர்மானமாகிறது. மீதிக்கு நான் லாயக்கில்லை. மூன்று முறை முயன்றாயிற்று.

எனக்கு உண்மையிலேயே கண் திறந்தது இலக்கிய விமர்சகர் ஷோஷானா ஃபெல்மன் 1977இல் எழுதிய நீண்ட கட்டுரையில். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய பேய்க்கதை ஒன்று உண்டு, ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’. தனி வீடு, இரண்டு குழந்தைகள், அவர்களைக் கவனிக்க வந்த இளம் ஆசிரியை. அவள் கண்ணுக்கு இறந்துபோன இருவர் தெரிகிறார்கள். குழந்தைகளுக்கும் தெரிகிறது, ஆனால் மறைக்கிறார்கள் என்று அவள் நம்புகிறாள். 1934இல் எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், பேயெல்லாம் இல்லை, அந்தப் பெண்ணின் அடக்கிவைத்த காமம்தான் உருவெடுக்கிறது என்று எழுதினார். அன்றிலிருந்து வாசகர்கள் இரண்டு கட்சி: பேய் உண்டு, பேய் இல்லை.

ஃபெல்மன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் கேட்டது இது: கதைக்குள் அந்த ஆசிரியை என்ன செய்கிறாள்? குழந்தைகள் சொல்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வேறொரு அர்த்தம் இருக்கிறது, அதைக் கறந்தே தீருவேன் என்று நிற்கிறாள். கடைசிக் காட்சியில் சிறுவனைப் பிடித்துவைத்து, நீ பார்த்தது யார், பெயரைச் சொல் என்று நெருக்குகிறாள். சொல்கிறான். அவள் கைக்குள்ளேயே செத்துப்போகிறான். அவளுக்கு நோய் என்று கண்டுபிடித்த விமர்சகர் கதையிடம் செய்வதும் அச்சு அசலாக இதைத்தான். சொல்லாததைச் சொல்லவை, பெயரைக் கக்கு. அவளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கும் வாசகர், தெரியாமலேயே அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்பது கொஞ்சம் மிகை. ஆனால் நான் எழுதிய இரண்டு மூன்று மதிப்புரைகள் ஞாபகத்துக்கு வந்து கூச்சமாக இருந்தது.

சரி, அப்படியானால் வாசகன் தன்னைத்தான் வாசிக்கிறான், அவ்வளவுதானா? நார்மன் ஹாலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கே போனார். ஐந்து மாணவர்களிடம் அதே கதைகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தன் குணத்துக்கு ஏற்ப அவற்றை எப்படித் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று 1975இல் ஒரு புத்தகம் எழுதினார். எனக்கு அதில் பாதி தூரம்தான் போக முடிகிறது. எல்லாம் நானே என்றால் என் குருகு தப்பு என்று எனக்கு எப்படித் தெரிந்தது? அச்சில் ‘ஆரல்’ என்று இருந்தது, அதனால் தெரிந்தது. அந்தச் சொல் என் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. என் நினைவும் அச்சிட்ட வரியும் உரசிய இடத்தில்தான் எனக்கு ஏதோ புரிந்தது. தனியாக என் மனசைத் தோண்டியிருந்தாலும் வந்திருக்காது, தனியாகப் பாட்டை ஆராய்ந்திருந்தாலும் வந்திருக்காது.

அந்த உரசலுக்குப் பிறகு பாட்டைத் திரும்பப் படித்தால் முன்பு பார்க்காத சில விஷயங்கள் தெரிகின்றன. ‘பொய்ப்பின்’ என்கிறாள், அதாவது பொய் சொன்னால். இன்னும் சொல்லவில்லை. ஆனால் முதல் வரியிலேயே அவனைக் கள்வன் என்று அழைத்துவிட்டாள். களவொழுக்கத்தில் வந்தவனைக் கள்வன் என்பது வழக்கம்தானே என்று சொல்லலாம், நியாயம்தான். இருந்தாலும் சந்தேகம் நான்காவது சொல்லுக்குள் தீர்ப்பாகிவிட்டதோ என்று காதில் விழுகிறது. ‘யாரும் இல்லை’ என்று ஆரம்பித்தவள் ‘குருகும் உண்டு’ என்று முடிக்கிறாள். இல்லை என்றதற்கும் உண்டு என்பதற்கும் நடுவில் அவள் போய்ப் பிடித்துக்கொள்வது ஒரு பறவையின் கால். சிறியது, பசியது, தினைத்தாள் போன்றது. வாழ்க்கையே ஆட்டம் காணும் பேச்சில் இவ்வளவு துல்லியமாக ஒரு கால் எதற்கு?

ஃபிராய்ட் 1899இல் எழுதிய மறைப்பு நினைவுகள் கட்டுரை இங்கே எனக்கு உதவுகிறது. ஒருவருக்குச் சின்ன வயதுப் புல்வெளி ஒன்று ஞாபகம். அதில் பூக்களின் மஞ்சள் அளவுக்கு மீறிய மஞ்சள், தின்ற ரொட்டியின் ருசி அளவுக்கு மீறிய ருசி. அற்பமான ஒன்று இவ்வளவு பளிச்சென்று நிற்கிறதென்றால் கனமான வேறொன்றின் எடை அதன்மேல் ஏறியிருக்கிறது என்கிறார். அந்த ஒருவர் ஃபிராய்டேதான் என்பது பின்னால் தெரியவந்தது. முப்பத்தெட்டு வயது நோயாளி என்று வேஷம் கட்டி எழுதியிருந்தார். தலைவிக்கும் அந்த நாளில் தன்னைப் பற்றியோ அவனைப் பற்றியோ சொல்ல ஒன்றுமில்லை. கால்தான் சொல்கிறது. மீனுக்காகக் காத்து நிற்கும் குருகில் அவனைப் பார்க்கலாம் என்று உள்ளுறை வழியாகவும், அதாவது இயற்கைக் காட்சிக்குள் மனிதர் கதையை மறைத்துச் சொல்லும் சங்கப்பாட்டு முறை வழியாகவும் போகலாம், அந்த வழியில் எனக்குச் சண்டையில்லை. (நம்மவர்கள் ஃபிராய்டுக்கு முன்பே எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று இதை வைத்துக் கிளம்பாதீர்கள். தொல்காப்பியத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.)

போன வாரம் ஒரு தோழியிடம் இந்தப் பாட்டை முதல்முறையாகச் சரியாகச் சொன்னேன். குருகு மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ அவளை யார்தான் பார்த்தது?” என்று கேட்டார். எனக்கு அந்தப் பழைய பொய்யையே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.