ஆள் வந்தோம், படத்தைத்தான் காட்டவில்லை

"ஆள் வரவில்லை, அதனால் படம் ஓடவில்லை" என்று இனி யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால் நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆள் வந்தோம். போன சனிக்கிழமை, திருநெல்வேலியில் ஒரு திரையரங்கின் வாசலில், காலை பத்தரை மணிக் காட்சிக்குக் கையில் டிக்கெட்டோடு வந்து நின்றோம்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் வெளியான படம் அது. பெரிய நடிகர் கிடையாது, சண்டைப் பயிற்சியாளருக்கு வேலை கிடையாது. ஆனால் பார்த்த இரண்டு நண்பர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "விட்டுராதிய" என்று சொன்ன படம். இரவே முன்பதிவு செய்தேன். டிக்கெட் விலைக்கு மேல் செயலிக்காரன் கேட்ட கட்டணத்தையும் கட்டினேன். அம்பாசமுத்திரத்திலிருந்து அக்காவும் அத்தானும் காலைப் பலகாரத்தைக்கூட முடிக்காமல் பேருந்து ஏறி வந்தார்கள். பத்து இருபதுக்கு அரங்கின் கதவு பூட்டிக் கிடந்தது. பத்தரைக்கும் பூட்டித்தான் கிடந்தது. காவலாளியிடம் கேட்டால் மேலாளரைக் கேட்கச் சொன்னார். மேலாளரைக் கேட்டால் கவுண்டரைக் கேட்கச் சொன்னார். கவுண்டரில் இருந்த பையன் கம்பி இடைவெளி வழியாக எங்கள் தலைகளை விரல் நீட்டி எண்ணினான். எண்ணிவிட்டு, "பத்துப் பேராவது சேரணும் அண்ணாச்சி, இல்லன்னா ஷோ போட மாட்டாவ" என்றான்.

நாங்கள் மூவர், ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போலத் தெரிந்த ஒரு பெரியவர், அவருடைய மனைவி, கல்லூரி மாணவர்கள் மூன்று பேர். ஆக எட்டுப் பேர். இரண்டு ஆள் குறைவு. அந்த மாணவர்களில் ஒருவன் பாளையங்கோட்டையில் இருக்கும் தன் நண்பர்களுக்கு மாற்றி மாற்றித் தொலைபேசி போட்டு, "எல, நான் டிக்கெட் எடுக்கேன், நீ வந்து உக்காந்தா மட்டும் போதும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒரு படத்தைப் பார்க்க வந்த பிள்ளை, அதைக் காட்டவைப்பதற்காகத் தன் கைக்காசைப் போட்டு ஆள் பிடிக்கிற நிலைமை! மற்ற இரண்டு டிக்கெட்டையும் நானே வாங்கிவிடுகிறேன், காலி நாற்காலிக்கும் சேர்த்துப் படத்தைப் போடுங்கள் என்று நான் சொன்னேன். அப்படியெல்லாம் முடியாது, ஏசிக்கும் மின்சாரத்துக்கும் கட்டுபடியாகாது என்று பதில் வந்தது. பக்கத்துத் திரையில் பெரிய படம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் நெஞ்சுவரை அதிர்ந்தது. பத்து ஐம்பதுக்கு மேலாளர் இறங்கி வந்து, "அந்தப் படத்துக்கு டிக்கெட்ட மாத்தித் தாரேன், முன் வரிசை காலியாத்தான் கெடக்கு, பாத்துட்டுப் போங்க" என்று உதவி செய்கிறவர் போலச் சொன்னார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். டிக்கெட் பணம் திரும்ப வந்தது. செயலிக் கட்டணம் வரவில்லை.

எனக்கு வயிறு எரிவது அந்தக் கட்டணத்துக்காக இல்லை. அன்றைய வசூல் அறிக்கையில் அந்தக் காட்சிக்கு நேரே பூஜ்யம் விழுந்திருக்கும். எட்டுப் பேர் வந்தார்கள், இரண்டு பேருக்கு அதிகப் பணம் கொடுக்கவும் ஒருவர் தயாராக இருந்தார் என்று எந்தத் தாளிலும் இருக்காது. அந்தப் பூஜ்யத்தைக் காட்டித் திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். வண்ணார்பேட்டையில் ஒட்டியிருந்த ஒரே சுவரொட்டியின் மேலும் பெரிய படத்தின் இரண்டாம் வாரச் சுவரொட்டி ஏறிவிட்டது.

படம் தோற்றது என்று எதைச் சொல்கிறீர்கள்? திருநெல்வேலியையும் கன்னியாகுமரியையும் சேர்த்து விநியோகஸ்தர்கள் 'டி.கே. ஏரியா' என்பார்கள். இந்த ஏரியாவுக்கு ஒரு பெரிய நடிகரின் படம் வந்தால், திரையரங்குக்காரர் முன்பணம் கொடுத்து, எம்.ஜி. என்கிற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைப் பேசி, கொடுத்த காசை முதல் வாரத்துக்குள் எடுக்க வேண்டுமே என்ற பதைப்பில் கண்ணில் பட்ட எல்லாக் காட்சியையும் அதற்கே தருகிறார். அதில் மிஞ்சுகிற காலைக் காட்சியும், சில இடங்களில் இரவு பத்தரை மணிக் காட்சியும்தான் சின்னப் படத்துக்கு. வேலைக்குப் போகிறவன் காலைக் காட்சிக்கு எப்படி வருவான்? இரவுக் காட்சி விட்ட பிறகு கடையத்துக்கும் முக்கூடலுக்கும் எந்தப் பேருந்தில் ஏறிப் போவான்? குடும்பத்துப் பெண்கள் வரக்கூடிய ஆறரை மணிக் காட்சியை ஒரு நாள்கூடக் கொடுக்காமல், "மக்கள் ஆதரிக்கவில்லை" என்று மக்கள் தலையில் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

இதற்கு மேல், அரங்கில் படத்தை டிஜிட்டலில் திரையிட்டுத் தருகிற நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் கட்டுகிற டிஜிட்டல் கட்டணம் வேறு. 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிடாமல் நிறுத்தி வைத்துப் போராடியதே அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். கோடிக்கணக்கில் வசூலிக்கிற படத்துக்கு அது ஒரு செலவாகவே தெரியாது. காலைக் காட்சியில் நாற்பது டிக்கெட் விற்கிற படத்துக்கு, விளம்பரத்துக்கு வைத்திருந்த கடைசிக் காசையும் அது கொண்டுபோய்விடுகிறது.

நல்ல படத்துக்கு விளம்பரமே பார்த்தவர்களின் வாய்தான். அந்த வாய்ப்பேச்சு ஊரைச் சுற்றிவரச் சில நாளாவது வேண்டும். 1999 டிசம்பரில் 'சேது' வெளிவந்த கதை சினிமாக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். வாங்க ஆளில்லாமல் கிடந்து, கடைசியில் சென்னைப் புறநகர் அரங்கு ஒன்றில் பகல் காட்சி மட்டும் கிடைத்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்து நூறு நாளைத் தாண்டிய படம் அது. அந்தப் பகல் காட்சியில் யாராவது தலையை எண்ணிக் கதவைப் பூட்டியிருந்தால், பாலா என்ற இயக்குநரும் விக்ரம் என்ற நடிகரும் நமக்குக் கிடைத்திருப்பார்களா? 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அப்போது காசு பார்க்கவில்லை. பின்னால் தொலைக்காட்சியில் போடும்போதெல்லாம் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தக் கண்ணீரில் ஒரு பைசாகூட அதற்குப் பணம் போட்டவரிடம் போய்ச் சேரவில்லை.

ரசனை இல்லாத ஊர் என்று மட்டும் எங்களைச் சொல்லாதீர்கள். எங்கள் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவை எடுத்துக்கொண்டு மகேந்திரன் செய்த 'உதிரிப்பூக்கள்' 1979இல் வெளியாகி வெள்ளி விழா கண்டது. சண்டையும் கூத்தும் இல்லாத அந்தப் படத்தை ஓடவைத்தவர்கள் சாதாரண ஜனங்கள்தான். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது, எங்கள் மண்ணின் சாதிக் கொடுமையை எங்கள் முகத்தில் அறைந்தாற்போல் காட்டிய படம் என்று தெரிந்தும் போய்ப் பார்த்தோம். அதைப் பற்றித் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் சண்டை போட்டோம். திரையில் நிற்க விட்டார்கள், அதனால் பார்த்தோம்.

முன்பெல்லாம் திரையரங்கில் கைவிட்டாலும் தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை என்று ஏதோ ஒன்று தயாரிப்பாளரைத் தூக்கிவிடும் என்பார்கள். இப்போது ஓடிடி நிறுவனங்களும் திரையரங்கு வசூலைப் பார்த்துவிட்டுத்தான் பல சின்னப் படங்களுக்கு விலை பேசுகின்றன. அப்படியானால், மேலாளர் மின்சாரக் கணக்குப் பார்த்துப் பூட்டிய கதவு அந்தப் படத்தின் இரண்டாவது வருமானத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. வீட்டை அடகு வைத்துப் படம் எடுத்தவர் அடுத்த படத்துக்கு எங்கே போவார்? அந்த இயக்குநரின் இரண்டாவது படத்தை நாம் பார்க்கப் போவதே இல்லை.

திரையரங்குக்காரருக்கும் கஷ்டம் உண்டு என்று சொல்வீர்கள். உண்டு, எத்தனையோ அரங்குகள் கல்யாண மண்டபமாகிப் போனதை நானும் பார்த்தவன்தான். ஆனால் பெரிய படம் முன் வரிசை காலியாக ஓடும்போது எரிகிற மின்சாரம் மட்டும் இலவசமா? ஒரு திரையில், முதல் ஏழு நாளுக்கு, ஒரே ஒரு மாலைக் காட்சியைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் கூட்டம் வரவில்லை என்றால் படத்தைத் தூக்குங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

இன்னும் நாலு வாரத்தில் இந்தப் படம் கைப்பேசிக்கு வந்துவிடும். படுத்துக்கொண்டே, பாட்டையும் மௌனத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்ன படம்யா! இது எப்ப வந்துச்சு, நம்ம ஊர்ல போடவே இல்லையே அண்ணாச்சி" என்று தயவுசெய்து யாரும் எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள்.