‘.22 என்றால் எல்லாம் ஒன்றுதான்’ என்பது தவறு

பழைய வின்செஸ்டர் 1890 பம்ப் ரைஃபிள் மலிவாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கடையில் கிடைக்கும் எந்த .22 (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள) தோட்டாவும் அதில் ஓடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. 1890 மாடலில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரே ஒரு தோட்டாவுக்குத்தான்: ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் அல்லது டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்). எது என்று பேரலிலேயே (குழலிலேயே) பொறித்திருக்கும். விலை பேசுமுன் அதைப் படியுங்கள். ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றும் ஓடுவது 1906 மாடலில், அதுவும் 1908 முதல் வந்தவற்றில்தான்.

டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவின் கூடு சுமார் 0.24 அங்குல விட்டம், லாங் ரைஃபிள் 0.226. டபிள்யூ.ஆர்.எஃப். துப்பாக்கியின் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் லொடலொடவென்று நிற்கும். சுடும்போது கூடு உப்பிப் பிளந்து, வாயு முகத்துக்கு நேராகப் பின்னால் பீறிடலாம்.

விற்பவர் ‘ரீசேம்பர் செய்தாச்சு’ (வேறு தோட்டாவுக்கு ஏற்றபடி சேம்பரை மாற்றியாச்சு) என்றால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடாதீர்கள். வாங்குமுன் காலியா என்று பார்த்துவிட்டு, சேம்பர் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். காலியாகவே விசையை இழுத்து இழுத்து விளையாடியிருந்தால் ஊசி அடித்த பள்ளம் நகத்தில் தட்டும். சுட்ட கூடு அங்கே மாட்டிக்கொண்டு வெளியே வராமல் போகலாம். பேரலில் துருக்குழிகள் இருப்பது சகஜம், அக்காலத் தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் கலவை) விட்டுச்சென்ற உப்பு செய்த வேலை. அதற்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஹை வெலாசிட்டி (அதிவேகத்) தோட்டா வேண்டாம். இந்த ரைஃபிள் வடிவமைக்கப்பட்டபோது அப்படி ஒன்றே கிடையாது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (வழக்கமான வேகத்) தோட்டா போதும்.